ஆறு தோட்டாக்களும் ஓர் ஐஸ்பெட்டியும்

எங்கள் குடும்பத்தில் சாவு வீட்டுக்கென்றே ஒரு கதை உண்டு. ராத்திரி பதினொரு மணிக்கு மேல், அழுதவர்கள் ஓய்ந்து, காப்பி மூன்றாவது தடவை சுற்றி வந்த பிறகு, யாராவது ஒரு பெரியவர் அதை எடுத்துவிடுவார். பாகான் செராய்க்கு வெளியே ஒரு ரப்பர்த் தோட்டத்தில் நடந்த கதை. சம்பள நாள். ஒருத்தன் கள்ளுக்கடை வாசலில் விழுந்து கிடக்கிறான். அவன் பெண்டாட்டி, அவனுடைய சைக்கிளிலேயே, இன்னொருத்தன் மிதிக்கப் பின்னால் உட்கார்ந்து போகிறாள். இவன் தலையைத் தூக்கி, "எங்க போறீங்க?" என்று கேட்கிறான். "டவுனுக்கு" என்கிறார்கள். "வரும்போது ஒரு சுருட்டு வாங்கிட்டு வாங்க" என்று சொல்லி, இடுப்பிலிருந்து காசையும் எடுத்துக் கொடுத்துவிட்டு மறுபடியும் படுத்துக்கொள்கிறான்.

இந்த இடத்தில் கொட்டகையே சிரிக்கும். பிணம் உள்ளே படுத்திருக்கும், வெளியே சிரிப்பு. நானும் பத்துத் தடவையாவது சிரித்திருப்பேன். "இன்னும் சுருட்டு வரலையாம்" என்பதுதான் கதையின் கடைசி வரி.

2019இல் தியாகராஜன் குமாரராஜாவின் 'சூப்பர் டீலக்ஸ்' வந்தது. பிறகு ஒரு விடுமுறையில் வீட்டு டிவியில் அதைப் போட்டேன். அத்தை பக்கத்தில் உட்கார்ந்து கச்சான் உரித்துக்கொண்டிருந்தார். படம் பார்த்தவர்களுக்குத் தெரியும்: வேம்பு தன் பழைய காதலனை வீட்டுக்குக் கூப்பிடுகிறாள். அவன் கட்டிலிலேயே செத்துப்போகிறான். புருஷன் முகில் வீட்டுக்கு வருகிறான். சொந்தக்காரர்கள் வருகிறார்கள். பிணத்தை ஐஸ்பெட்டிக்குள் திணிக்க வேண்டியிருக்கிறது. புருஷன் கோபத்தில் குதிக்கிறான், ஆனாலும் பிணத்தை ஒரு பக்கம் பிடித்துத் தூக்குகிறான். அத்தை விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்து, கச்சான் தோலை ஊதிவிட்டுச் சொன்னார்: "இவனாச்சும் கூட நின்னு தூக்குறான். அங்க வெட்டிட்டான்ல."

"யார அத்தை?"

"அந்தச் சுருட்டுக் கதைதான். ரெண்டு மாசம் கழிச்சுத் தேடிப் போயி, பாராங்கால வெட்டிட்டான். அவள."

அந்தக் கதைக்கு இரண்டாம் பாதி இருப்பதே எனக்கு அதுவரை தெரியாது. முப்பது வருஷமாக நாங்கள் இடைவேளை வரைக்கும் மட்டும் பார்த்துக் கைதட்டிய படம் அது.

அதற்குப் பிறகு கள்ள உறவும் கொலையும் வருகிற கதைகளை நான் வேறு மாதிரி பார்க்க ஆரம்பித்தேன். கதை எங்கே தொடங்குகிறது, எங்கே நிற்கிறது, எந்தப் பிணத்துக்குச் சிரிக்கலாம், எந்தப் பிணத்துக்குச் சிரிக்கக் கூடாது என்று. அப்படித் தேடும்போது முதலில் வந்து நின்றது நம் நாட்டின் மிகப் பிரபலமான கள்ள உறவுக் கொலை. உலகம் அதைச் சோக நாடகமாகத்தான் அறிந்திருக்கிறது. ஆவணத்தைப் பார்த்தால் அது ஒரு கருப்பு நகைச்சுவை.

*

1911 ஏப்ரல் 23, ஞாயிற்றுக்கிழமை ராத்திரி. கோலாலம்பூரில் நல்ல மழை. விக்டோரியா இன்ஸ்டிடியூஷன் பள்ளியின் தற்காலிகத் தலைமையாசிரியர் வில்லியம் புரவுட்லாக், நண்பர் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருக்கிறார். பள்ளி வளாகத்து பங்களாவில் அவர் மனைவி எத்தல் தனியாக இருக்கிறார். ரிக்‌ஷாவில் ஒருவர் வந்து இறங்குகிறார். பெயர் வில்லியம் ஸ்டூவர்ட், சலாக் சவுத் ஈயச் சுரங்கத்தில் முன்பு மேனேஜராக இருந்தவர். ரிக்‌ஷாக்காரரை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு உள்ளே போகிறார். கொஞ்ச நேரத்தில் வெடிச் சத்தம். ஸ்டூவர்ட் தள்ளாடியபடி வெளியே வந்து விழுகிறார். எத்தல் கைத்துப்பாக்கியோடு பின்னால் வந்து, மிச்சத் தோட்டாக்களையும் அவர் உடம்பில் இறக்குகிறார். மொத்தம் ஆறு.

எத்தல் சொன்னது இது: அவன் என்னைப் பலவந்தப்படுத்த வந்தான், விளக்கு சுவிட்சைத் தேடின கையில் துப்பாக்கி மாட்டியது, சுட்டேன். வெள்ளைக்காரச் சமூகம் இதைக் கேட்டு நிம்மதியடைந்திருக்கும். மானம் காத்த மங்கை என்று முடித்துவிடலாம். ஆனால் கணக்கு இடித்தது. தற்காப்புக்கு ஒன்று, இரண்டு சரி. விழுந்து கிடப்பவனுக்கு எதற்கு மேலும் மேலும்? ஸ்டூவர்ட் ஒரு சீனப் பெண்ணோடு வாழ்ந்துவந்தது விசாரணையில் வெளியே வந்தது. எத்தலுக்கும் அவருக்கும் உறவு இருந்தது, அந்தச் சீனப் பெண்ணின் பொருட்டு அது முறிந்தது, பொறாமையில் சுட்டார் என்று ஊர் பேசியது.

ஜூன் மாதம் வழக்கு. கூட்டரசு மலாய் மாநிலங்களில் அப்போது ஜூரி முறை கிடையாது. ஒரு நீதிபதி, இரண்டு மதிப்பீட்டாளர்கள், அவ்வளவுதான். முக்கியமான சாட்சிகளில் ஒருவர் மழையில் நின்ற அந்த ரிக்‌ஷாக்காரர். காலனி வாழ்க்கையில் வெள்ளைக்காரர்கள் கண்ணுக்கே தெரியாத ஒரு பிறவி, பங்களா வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்திருக்கிறது. தீர்ப்பு: குற்றவாளி, தூக்கு.

இனிமேல்தான் நகைச்சுவை. ஓர் ஆங்கிலேயப் பெண்ணைப் புடு சிறையில் தூக்கில் போடுவதா என்று மலாயாவின் வெள்ளைக்காரர்கள் கொதித்தார்கள். மனுக்கள் எழுதினார்கள். மன்னிக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்று பார்த்தால், சட்டப்படி சிலாங்கூர் சுல்தானிடம். முப்பத்தேழு வருஷமாக, "நீங்கள் ஆளுங்கள், நாங்கள் ஆலோசனை மட்டும் சொல்கிறோம்" என்று ரெசிடெண்டை வைத்து மொத்த நிர்வாகத்தையும் கையில் வைத்திருந்தவர்கள், அலங்காரத்துக்கு விட்டுவைத்திருந்த அந்த நாற்காலியின் முன்னால் போய்க் கையேந்தி நிற்க வேண்டி வந்தது. சுல்தான் சுலைமான் ஜூலையில் மன்னிப்பு வழங்கினார். எத்தல் கப்பலேறினார். செத்துப்போன ஸ்டூவர்ட்டைப் பற்றி அதற்குள் யாருக்கும் கவலை இல்லை. அந்தச் சீனப் பெண்ணைப் பற்றி எப்போதுமே இல்லை.

பொய்யை எல்லோரும் சேர்ந்து காப்பாற்றுவது, அதற்காகத் தாங்களே கட்டிய நாடகத்தில் தாங்களே மாட்டிக்கொள்வது. இன்றைக்கு ஒரு நல்ல இயக்குநர் கையில் இது கிடைத்தால் எப்படி எடுப்பார் என்று யோசித்துப் பாருங்கள். ஆனால் கிடைத்தது சாமர்செட் மாம் கையில்.

*

மாம் 1921இல் மலாயா வந்தார். தோட்ட துரைமார்கள், மாஜிஸ்திரேட்டுகள் வீட்டில் தங்கி, அவர்கள் விஸ்கியைக் குடித்து, அவர்கள் ரகசியங்களைக் குறிப்பெடுத்துக்கொண்டு போனவர். பத்து வருஷம் பழைய புரவுட்லாக் விவகாரம் அவர் காதுக்கும் வந்தது. 1924இல் 'தி லெட்டர்' சிறுகதையாக வந்தது, 1926இல் 'தி கேசுவரீனா ட்ரீ' தொகுப்பில் சேர்ந்தது, 1927இல் லண்டனில் நாடகமானது.

பள்ளித் தலைமையாசிரியர் ரப்பர்த் தோட்ட துரையாக மாறினார். கோலாலம்பூர் வழக்கு சிங்கப்பூர் வழக்கானது. மாம் புதிதாகப் போட்ட சரக்கு அந்தக் கடிதம். நாயகி லெஸ்லி கிராஸ்பி, இறந்தவனைத் தன் வீட்டுக்கு வரச்சொல்லி எழுதியது. அது அவனோடு வாழ்ந்த சீனப் பெண்ணிடம் இருக்கிறது. பத்தாயிரம் டாலர் கொடுத்தால் கிடைக்கும் என்று வக்கீலின் சீன கிளார்க் ஓங் சி செங் மிகுந்த பணிவோடு வந்து சொல்கிறான். எனக்கு இந்தக் கதையில் பிடித்த ஆளே அவன்தான். சட்டம் படித்த, குற்றம் குறை சொல்ல முடியாத ஆங்கிலம் பேசுகிற கிளார்க். தன் முதலாளியை ஒரு வார்த்தை மரியாதைக் குறைவாகப் பேசாமல் குற்றத்துக்குள் இறக்கிவிடுகிறான். கதையில் யாராவது உள்ளுக்குள் சிரித்திருந்தால் அவன்தான் சிரித்திருப்பான். மாமுக்கும் அது தெரிந்திருக்கிறது, ஆனால் அவன் தலைக்குள் போக அவர் துணியவில்லை.

படம் இரண்டு தடவை எடுக்கப்பட்டது. 1929இல் பேசும் படம் தொடங்கிய புதிதில் ஜீன் ஈகல்ஸ் நடித்தது. 1940இல் வில்லியம் வைலர் இயக்கத்தில் பெட் டேவிஸ் நடித்தது. ஒரு வேடிக்கை: ஹெர்பர்ட் மார்ஷல் என்ற நடிகர் 1929 படத்தில் சுடப்பட்டுச் சாகிற காதலன், 1940 படத்தில் ஏமாற்றப்படுகிற புருஷன். பதினோரு வருஷத்தில் ஒரே ஆள் கட்டிலின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு மாறியிருக்கிறார். இதைவிடச் சிறந்த ஜோக்கை ஹாலிவுட் அந்தக் கதையில் சேர்க்கவில்லை.

வைலரின் படத் தொடக்கம் சினிமா மாணவர்களுக்குப் பாடம். நிலா வெளிச்சம். ரப்பர் மரத்தில் பால் சொட்டுகிறது. கேமரா மெதுவாக நகர்ந்து, வேலையாட்கள் தூங்குகிற கொட்டகையைக் கடக்கிறது. சட்டென்று வெடிச் சத்தம். ஒரு வெள்ளைப் பறவை படபடத்துப் பறக்கிறது. பங்களா கதவு திறந்து ஒருவன் விழ, பின்னாலேயே அவள் வந்து சுட்டுக்கொண்டே படியிறங்குகிறாள். இதை அத்தைக்குப் போட்டுக் காட்டினேன். அவர் இருபது வருஷத்துக்கு மேல் பால் வெட்டியவர். முதல் நிமிஷத்திலேயே, "ராத்திரியில எவன்டா பால் வெட்டுனான்?" என்றார்.

சரியான கேள்வி. இருட்டோடு போய்ச் சீவ வேண்டும், வெயில் ஏறுவதற்குள் மங்கிலிருந்து பாலை எடுத்து ஸ்டோருக்குக் கொண்டுபோக வேண்டும். ராத்திரி நிலாவில் அப்படி வெள்ளமாகச் சொட்டாது. அமெரிக்க ஸ்டூடியோவுக்கு அழகாக இருந்தது, சொட்டவிட்டார்கள். மலாயா ரப்பர்த் தோட்டத்தில் பெரும்பான்மையாக வேலை பார்த்த சனத்தில் ஒரு முகத்தைக்கூட அந்தப் படத்தில் என்னால் அடையாளம் காண முடியவில்லை. மரம் இருக்கிறது, பால் இருக்கிறது, வெட்டினவர்களைக் காணோம்.

அமெரிக்கத் தயாரிப்பு விதிகள் வேறு குறுக்கே நின்றன. வெள்ளைக்காரன் சீனப் பெண்ணோடு கல்யாணம் இல்லாமல் வாழ்வதைக் காட்ட முடியாது. ஆகவே அவளை யூரேசிய மனைவியாக்கினார்கள். சோரம் போய்க் கொலையும் செய்தவள் தப்பக் கூடாது. ஆகவே கடைசியில் அந்த மனைவியே கத்தியால் குத்துகிறாள். குத்தினவளும் தப்பக் கூடாது. ஆகவே வாசலில் போலீஸ்காரன் தயாராக நிற்கிறான். மாமின் கதையில் லெஸ்லி தப்பித்து உயிரோடு இருப்பதுதான் தண்டனை. நிஜத்தில் எத்தல் சும்மா கப்பலேறிப் போனார். படத்தில் மட்டும்தான் கணக்கு நேராகிறது. ஏழு ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது, ஒன்றும் ஜெயிக்கவில்லை.

நம் பக்கமும் இதே கணக்குதான். 1954இல் எஸ். பாலசந்தரின் 'அந்த நாள்' வெடிச் சத்தத்தோடுதான் தொடங்குகிறது. புருஷனுக்கு வேறு ஒரு பெண்ணோடு தொடர்பு இருக்கிறது. அவன் சாவில் மனைவியின் கை இருக்கிறது. ஆனால் அவன் எதிரி நாட்டுக்கு ரகசியம் விற்கிற தேசத்துரோகியாகவும் இருந்தாக வேண்டும். சோரம் போன புருஷன் மீது துப்பாக்கி நீட்ட 1954இல் ஒரு தமிழ் மனைவிக்கு இரண்டாம் உலகப் போரே தேவைப்பட்டது.

*

இப்போது எங்கள் பக்கத்துக்கு வருகிறேன். பாகான் செராய், பேராக்கின் வடமேற்கு மூலையில் கிரியான் மாவட்டத்தில் இருக்கிறது. இன்றைக்குப் பார்க்கிறவர்களுக்கு நெல் வயலும் வாய்க்காலும்தான் கண்ணில் படும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் கிரியான் கரும்பு பூமி. கூலி ஒப்பந்தம் எழுதிக் கப்பலேற்றிக் கொண்டுவரப்பட்ட தமிழர்கள் கரும்புத் தோட்டங்களில் வேலை பார்த்தார்கள். பிறகு கரும்பு போய் ரப்பரும் தென்னையும் வந்தன. 1910இல் ஒப்பந்தக் கூலி முறை நிறுத்தப்பட்டது, கங்காணி முறை முழுதாக எடுத்துக்கொண்டது. எத்தல் ஆறு தோட்டாக்களையும் இறக்கிய அதே காலம்.

அப்போது மலாயா இந்தியர்களில் ஆயிரம் ஆண்களுக்கு முந்நூறு பெண்கள் அளவில்தான் இருந்தார்கள். லயத்தில் ஒரு அறை, நடுவில் ஒரு பலகைச் சுவர், அந்தப் பக்கம் நாலு கல்யாணமாகாத ஆள்கள். இந்த நிலையில் யார் யாரோடு போனார்கள் என்பது தினசரிச் செய்தி. "இழுத்துக்கிட்டு ஓடிட்டான்" என்கிற சொல் நம் தோட்டத்து வழக்கில் இவ்வளவு சாதாரணமாக இருப்பதற்கு அந்தக் கணக்கும் ஒரு காரணம். கவனித்துப் பாருங்கள், 'இழுத்துக்கிட்டு'. அவள் போனாள் என்பதில்லை. மாடு மாதிரி ஓட்டிக்கொண்டு போகப்பட்டாள்.

சட்டமும் அப்படித்தான் பார்த்தது. மெக்காலேயின் இந்தியத் தண்டனைச் சட்டத்தைப் பார்த்து 1871இல் ஜலசந்திக் குடியேற்றங்களுக்கு ஒரு சட்டம் எழுதினார்கள். இந்தியச் சட்டத்தின் 497ஆம் பிரிவு, அதாவது அடுத்தவன் மனைவியோடு உறவு கொள்வதைக் குற்றமாக்கிய பிரிவு, இங்கே வரவில்லை. 498 வந்தது. ஒருவனுடைய மனைவியை ஆசைகாட்டிக் கூட்டிக்கொண்டு போவது குற்றம் என்கிற பிரிவு. கூட்டிக்கொண்டு போனவனுக்கு இரண்டு வருஷம்வரை சிறை. அவளுக்கு ஒன்றுமில்லை, திருடு போன பொருளை யாராவது தண்டிப்பார்களா? மனைவியை இழந்த கணவன் புகார் கொடுக்கலாம், கணவனை இழந்த மனைவி கொடுக்க முடியாது.

தோட்டத்தில் இதற்கு இன்னொரு கணக்கும் உண்டு. ஒரு தோட்டத்து ஆள்களை இன்னொரு தோட்டத்துக்காரன் ஆசைகாட்டி இழுப்பதும் அந்தக் காலத்தில் துரைமார்களுக்குப் பெரிய தலைவலி. கங்காணிக்குத் தன் ஆள் ஒவ்வொருவரும் வேலைக்கு இறங்குகிற நாளுக்குத் தலைக்காசு. 1920களின் கடைசியில் பேரளவில் நிர்ணயிக்கப்பட்ட தினக்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. ஒரு பெண் ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பினால் புருஷன் பெண்டாட்டியை இழக்கிறான், கங்காணி தலைக்காசை இழக்கிறான், துரை ஒரு நிரைக்கு ஆளை இழக்கிறார். மூன்று பேரும் சேர்ந்து தேடினார்கள் என்றால் மூன்று பேருக்கும் தேடக் காரணம் இருந்தது. அவள் எதற்காகப் போனாள் என்று தெரிந்துகொள்ள மூன்று பேருக்கும் காரணம் இல்லை.

அருணிமா தத்தா 2021இல் எழுதிய 'ஃப்ளீட்டிங் ஏஜென்சீஸ்' என்கிற நூல் மலாயாவின் கூலிப் பெண்களைப் பற்றியது. இந்த ஓடிப்போதல்களையும் அவற்றைத் தொடர்ந்த வன்முறைகளையும் அவர் ஆவணங்களிலிருந்து எடுத்துப் படிக்கிறார். பெண்கள் வெறுமனே இழுத்துக்கொண்டு போகப்பட்டவர்கள் அல்ல, தங்களுக்கு எது நல்லது என்று பார்த்து நகர்ந்தவர்களும்தான் என்பது அவர் காட்டுகிற விஷயம். ஃபிஜியிலும் இதே கதை. கரும்புத் தோட்டங்களில் இந்தியப் பெண்கள் வெட்டிக் கொல்லப்பட்டபோது, "பெண்கள் குறைவு, ஆண்களுக்குப் பொறாமை" என்று அதிகாரிகள் எழுதிவைத்தார்கள். அந்தப் 'பொறாமை' என்கிற ஒரு சொல்லுக்குப் பின்னால் தோட்ட முறையின் மொத்தக் கொடுமையையும் ஒளித்துவிட்டார்கள் என்று பிரிஜ் லால் பிற்பாடு வாதிட்டார்.

எத்தல் சுட்டதும் பொறாமையில்தான் என்றார்கள். அதே சொல். ஆனால் அவர் பொறாமைக்கு ஒரு சிறுகதை, ஒரு நாடகம், இரண்டு திரைப்படம். தோட்டத்துப் பொறாமைக்கு அறிக்கையில் அரை வரி. மாம் தங்கின பங்களாக்களின் பின்கட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் லயங்கள் இருந்தன. அங்கேயும் கடிதம் இல்லாத லெஸ்லிகள் இருந்தார்கள். எழுதத் தெரியாது, ஆகவே கடிதம் இல்லை.

498 மலேசியாவில் ரொம்ப காலம் உயிரோடு இருந்தது. சிங்கப்பூர் 2007இல் நீக்கியது. இந்தியா 497ஐ 2018இல் ரத்து செய்தது, 498இன் சாரத்தைப் புதிய சட்டத்திலும் வைத்துக்கொண்டிருக்கிறது. இங்கே 2023 டிசம்பரில்தான், பால் அடிப்படையில் பாகுபாடு காட்டுகிறது என்று சொல்லி, கூட்டரசு நீதிமன்றம் அதை அரசியலமைப்புக்கு முரணானது என்றது. 'சூப்பர் டீலக்ஸ்' நாங்கள் பார்த்துச் சிரித்தபோது இந்த நாட்டில் மனைவி இன்னும் சட்டப்படி இழுத்துக்கொண்டு போகக்கூடிய சாமான்தான்.

*

தமிழர்கள் கொலையைப் பார்த்துச் சிரிக்கத் தெரியாதவர்கள் அல்ல. கொலைச் சிந்து என்று ஒரு வகையே இருந்தது. எங்காவது ஒரு கொலை நடந்தால் அதைப் பாட்டாகக் கட்டி, மட்டக் காகிதத்தில் அச்சடித்து, சந்தையில் பாடி விற்பார்கள். ஆ. இரா. வேங்கடாசலபதி 'முச்சந்தி இலக்கியம்' நூலில் இந்த உலகத்தைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்.

1952 ஆகஸ்டில் சென்னையில் ஆளவந்தார் கொலை. பேனாக் கடையில் வியாபாரம் செய்த ஆள், பெண்கள் விஷயத்தில் பேர் போனவர். பழைய உறவை விடாமல் தொந்தரவு செய்தவரை, அந்தப் பெண்ணும் கணவரும் தங்கள் வீட்டில் வைத்துத் தீர்த்தார்கள். தலை இல்லாத உடல் ஒரு டிரங்குப் பெட்டிக்குள், தனுஷ்கோடி போகிற போட் மெயிலில் மூன்றாம் வகுப்பில் பயணம் செய்தது. மானாமதுரையில் நாற்றம் காட்டிக்கொடுத்தது. தலை ராயபுரம் கடற்கரையில் ஒதுங்கியது. பெட்டிக்குள் பிணம் என்கிற சமாசாரம் நம்மிடம் ஐஸ்பெட்டிக்கு முன்னாலேயே டிரங்குப் பெட்டியில் வந்துவிட்டது. சென்னை நகரமே நீதிமன்ற வாசலில் கூடி நின்று அந்த வழக்கை ஒரு தொடர்கதையாக அனுபவித்தது. நீதிபதி பஞ்சாபகேச அய்யர் கணவருக்கு ஏழு வருஷமும் மனைவிக்கு மூன்று வருஷமும் கொடுத்தார். செத்தவன் மேல் யாருக்கும் இரக்கம் வரவில்லை. ஸ்டூவர்ட்டுக்கு நடந்ததும் இதுதான். அந்த இரண்டு வழக்கிலும் சிரிக்க முடிந்ததற்கு அல்லது மன்னிக்க முடிந்ததற்கு ஒரு காரணம், பிணம் ஆணுடையது.

'சூப்பர் டீலக்'ஸிலும் பிணம் ஆணுடையதுதான். ஆனால் குமாரராஜா ஒரு காரியம் செய்கிறார். வேம்புவைக் கொல்லவில்லை, அழவைத்துத் திருத்தவில்லை. முகில் வழி முழுக்க அவளைத் திட்டிக்கொண்டே வருகிறான். அவளும் பதில் பேசிக்கொண்டே வருகிறாள். பிணத்தைத் தூக்குகிற வேலை இருக்கிறதே, அதில் இரண்டு பேருடைய கையும் வேண்டியிருக்கிறது. கல்யாணமான நாளிலிருந்து அவர்கள் சேர்ந்து செய்த முதல் வேலை அதுவாகத்தான் இருக்கும். இந்தப் படத்தில் எனக்கு உடன்படாத இடங்கள் நிறைய உண்டு. அந்த சப்-இன்ஸ்பெக்டரை வைத்து நீட்டுகிற காட்சிகளில் கேமராவுக்கே கொஞ்சம் ருசி தட்டிவிடுகிறது. பேச்சு பல இடத்தில் கட்டுரை ஆகிறது. ஆனால் புருஷன் கையில் அரிவாள் வரும் என்று நாம் பழகிப்போய்க் காத்திருக்கிற இடத்தில், அவன் கையில் பிணத்தின் காலைக் கொடுத்தது எனக்குப் பெரிய விஷயம். அத்தைக்கும் அது பெரிய விஷயமாக இருந்திருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த இடத்தில் அவருக்கு எதற்காகப் பழைய கதை ஞாபகம் வந்தது?

மலேசியத் தமிழ்ப் படங்களில் குற்றத்துக்குக் குறைவில்லை. 2015இல் வந்த சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்' தோட்டத்தை விட்டு வெளியே தள்ளப்பட்டவர்களின் பிள்ளைகள் எப்படிக் குண்டர் கும்பலுக்குப் போனார்கள் என்பதைக் கண்கூடாகக் காட்டியது. ஆண்களின் வன்முறையை எழுதவும் எடுக்கவும் நாம் கற்றுக்கொண்டுவிட்டோம். சைக்கிள் பின்னால் உட்கார்ந்து போனவளை இன்னும் யாரும் எடுக்கவில்லை. அதை அழுகைப் படமாக எடுத்தால் நான் போய்ப் பார்ப்பேனா என்று தெரியவில்லை. அந்தச் சுருட்டு ஜோக்கோடு எடுத்தால் பார்ப்பேன். ஜோக் நல்ல ஜோக்தான், அதில் சந்தேகமே இல்லை. அந்தச் சிரிப்பு கொட்டகையில் அடங்குவதற்குள் படம் அடுத்த இரண்டு மாதத்துக்குள் போக வேண்டும். அவள் புதுத் தோட்டத்தில் பெரட்டுக்கு நிற்க வேண்டும், புது நிரையில் மரம் பிடிபட வேண்டும், நாற்பது காசை எண்ணி வாங்கி முந்தானையில் முடிய வேண்டும். ஒரு நாள் அந்தச் சைக்கிளில் டவுனுக்குப் போய்ச் சுருட்டுக்கடையைத் தாண்டும்போது அவளுக்கே சிரிப்பு வர வேண்டும்.

போன மாதம் அத்தையிடம் மறுபடி கேட்டேன். சைக்கிள் ராலே என்றார், பச்சைக் கலர். வெட்டினவன் பேர், அவன் அப்பா பேர், கூட்டிக்கொண்டு போனவன் எந்தத் தீம்பார் என்பது எல்லாம் சொன்னார். அவள் பேரைக் கேட்டேன்.

கொஞ்ச நேரம் யோசித்தார். "எங்கம்மாவுக்குப் பக்கத்து நிரை அவளுது. வெரசா வெட்டுவா, கை அப்படி. இவங்க முடிக்கறதுக்குள்ள முடிச்சிட்டு வந்து இவங்க மரத்துலயும் நாலு சீவிக் குடுத்துட்டுப் போவாளாம். பேரு... வாய் வரைக்கும் வருது பாரேன்."